ஐந்து அங்குலம் குறைந்தால் என்ன குறையும்? துப்பாக்கிக் குழலின் நீளமும் குண்டின் வேகமும்

காவல் நிலைய வாசலில் பாரா நிற்கும் காவலரின் தோளில் நெடுங்காலம் தொங்கிய துப்பாக்கியை 'த்ரீ நாட் த்ரீ' என்றே நம் ஊரில் அழைத்தார்கள். அது பிரிட்டிஷாரின் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. அதன் குழலின் நீளம் 640 மில்லிமீட்டர், அதாவது 25.2 அங்குலம். இந்த அளவுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் காலாட்படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்கு 767 மில்லிமீட்டர் குழல் இருந்தது. குதிரைப்படைக்கு அதைவிட மிகவும் குட்டையான தனித் துப்பாக்கி. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் முடிந்ததும், இரு படைகளுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி போதும் என்று முடிவெடுத்தார்கள். காலாட்படைத் துப்பாக்கியின் குழலில் சரியாக ஐந்து அங்குலம் குறைந்தது. அன்றைய குறிசுடும் வல்லுநர்கள் பலர் கொதித்துப் போனார்கள். குதிரைக்காரனுக்கும் நீளம், காலாள் வீரனுக்கும் குட்டை, தொலைவில் சுட யாருக்கும் உதவாது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. குழல் குட்டையானால் குண்டின் வேகம் குறைவது இயற்பியல். வேகம் குறைந்தால் குறியும் தவறும் என்று அதிலிருந்து தாவியதுதான் பிழை. நூறாண்டு கடந்தும் அந்தத் தாவல் நின்றபாடில்லை.

சொல் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட்டுத் தொடர்வது நல்லது. பேச்சில் குண்டு, தோட்டா இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், முனையில் செருகிய உலோகத் துண்டு ஆகிய எல்லாம் சேர்ந்தது தோட்டா. குழலைவிட்டு வெளியே பறப்பது அந்த உலோகத் துண்டாகிய குண்டு மட்டும். இந்தக் கட்டுரையில் இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

விசையை இழுத்ததும் பிரைமர் பொறி தட்டுகிறது, மருந்து பற்றுகிறது. மருந்து 'வெடிக்கிறது' என்று சொன்னாலும், அது உண்மையில் மிக வேகமாக எரிகிறது. எரியும்போது எழும் வாயு குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. நேட்டோ படைகளின் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு உடன்பிறப்பான 308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம்; இதில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 4,150 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). குழலின் குறுக்குப் பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இரண்டையும் பெருக்கினால், 11 கிராம் எடையுள்ள குண்டின் முதுகில் ஒரு கணம் இரண்டு டன் பாரம் ஏறுவதற்கு ஒப்பான விசை கிடைக்கும். ஆனால் இந்த உச்சம் குண்டு முதல் சில அங்குலங்களைக் கடப்பதற்குள் வந்து போய்விடுகிறது. குண்டு முன்னேற முன்னேற அதன் பின்னால் இடம் பெருகுகிறது, அழுத்தம் சரிகிறது. குழல்வாயை எட்டும் வரை தள்ளுதல் நிற்பதில்லை; வலு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதை எண்களில் பார்த்தால் விளங்கும். இந்தத் தோட்டாக் கூட்டின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 3.6 கன சென்டிமீட்டர். குழலின் ஒவ்வோர் அங்குலமும் ஏறத்தாழ 1.2 கன சென்டிமீட்டர் கொள்ளும். ஆகவே குண்டு முதல் மூன்று அங்குலம் நகர்ந்ததுமே வாயுவுக்கான இடம் இரட்டிப்பாகிவிடுகிறது. அதே மூன்று அங்குலம் 24 அங்குலக் குழலின் கடைசியில் வந்தால், அங்கே இருக்கும் இடத்தோடு எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது. இதற்குமேல் காலக் கணக்கும் இருக்கிறது. குண்டு ஓய்விலிருந்து கிளம்பும்போது முதல் அங்குலத்தில் செலவிடும் நேரம் அதிகம். விநாடிக்கு 790 மீட்டர் வேகத்தில் கடைசி அங்குலத்தைக் கடப்பதற்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் சுமார் 32 பங்கு போதும். தள்ளும் விசையும் குறைவு, தள்ளுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. குழலின் முதல் பத்து அங்குலம் தரும் வேகத்தை அடுத்த பத்து அங்குலம் தராததற்கு இதுவே காரணம்.

இந்தச் சரிவு எங்கே முடியும் என்பதைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு .22 துப்பாக்கி, அதாவது துளை ஏறத்தாழ 0.22 அங்குலமே உள்ள துப்பாக்கி. கல்லூரி என்.சி.சி. முகாமில் மணல் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்து இதைச் சுட்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். இதன் தோட்டாவில் மருந்து ஒரு சிட்டிகைகூட இருக்காது. அது எரிந்து தரக்கூடிய வேகத்தை ஏறத்தாழ 16 அங்குலத்துக்குள் தந்து முடித்துவிடுகிறது. அதற்கு அப்பால் குழலின் உராய்வும் குண்டுக்கு முன்னால் நிற்கும் காற்றும் சேர்ந்து வேகத்தைச் சற்றே தின்னத் தொடங்கும். இருந்தும் பயிற்சிக்கும் போட்டிக்கும் உரிய .22 துப்பாக்கிகளில் 60 சென்டிமீட்டர் குழலைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அந்த நீளம் வேகத்துக்காக வைத்ததன்று. எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

துளையின் அளவோடு ஒப்பிட்டால் மருந்து மிகக் கூடுதலாக உள்ள தோட்டாக்களில் கதை வேறு. 300 வின்செஸ்டர் மேக்னம் போன்றவற்றில் கூட்டின் கொள்ளளவு பெரிது, மருந்து மெதுவாக எரிவது. ஆகவே ஒவ்வோர் அங்குலத்துக்கும் கிடைக்கும் வேகமும் கூடுதல். 308-இல் 20 முதல் 26 அங்குலம் வரையிலான நீளத்தில், ஓர் அங்குலத்துக்கு விநாடிக்கு 6 முதல் 7 மீட்டர் என்பது நடைமுறையில் ஒத்துவரும் கணக்கு.

படைத் துப்பாக்கிகளிலும் இதே ஒழுங்கைக் காணலாம். ரஷ்யாவின் மோசின்-நாகன் 91/30 துப்பாக்கிக்கு 730 மில்லிமீட்டர் குழல், குண்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 865 மீட்டர். அதே தோட்டாவைச் சுடும் 1938-ஆம் ஆண்டின் கார்பைனுக்கு, அதாவது குட்டை வடிவத்துக்கு, சுமார் 510 மில்லிமீட்டர் குழல், வேகம் சுமார் 820 மீட்டர். குழலில் முப்பது விழுக்காடு போயும் வேகத்தில் போனது ஐந்து விழுக்காடே. போன ஆற்றலில் ஒரு பகுதி, குழல்வாயில் இன்னும் அடங்காத அழுத்தத்தோடு வெளியேறும் வாயுவாக வந்து சேர்கிறது. குட்டை மோசினின் நெருப்புக் கொழுந்தும் காதைப் பிளக்கும் சத்தமும் துப்பாக்கிப் பிரியர்களிடையே பேர்பெற்றவை.

குட்டைக் குழலுக்கு வேகமாக எரியும் மருந்தைப் போட்டால் இழந்ததை மீட்டுவிடலாம் என்றொரு நம்பிக்கை உண்டு. கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். அனுபவம் வேறாக இருக்கிறது. உச்ச அழுத்தத்துக்கு வரம்பு இருப்பதால் வேகமாக எரியும் மருந்தை அதிகம் போட முடியாது. நீண்ட குழலில் மிகுந்த வேகம் தரும் மருந்தே பெரும்பாலும் குட்டைக் குழலிலும் மிகுந்த வேகம் தருகிறது. நெருப்புக் கொழுந்துதான் பெரிதாகிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரே நீளம், ஒரே தோட்டா என்றாலும் ஒரு குழலுக்கும் மற்றொரு குழலுக்கும் இடையே விநாடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் வேறுபடுவது அரிதன்று. துளையின் அளவிலும் வழவழப்பிலும் மயிரிழை மாற்றம் இருந்தாலே போதும். நல்ல குழலாக வாய்த்த 22 அங்குலம், சுமாரான 24 அங்குலத்தை முந்திவிடலாம். ஆகவே அட்டவணையைப் பார்த்து வேகத்தை ஊகிப்பதைவிட, வேகமானியை முன்னால் வைத்துத் தன் துப்பாக்கியைத் தானே அளந்துகொள்வதே தொலைவில் சுடுபவர்களின் வழக்கம்.

குண்டு குழலைவிட்ட பிறகு என்ன ஆகிறது? தொலைவில் சுடுவோருக்கு இதுவே முக்கியம். 61 சென்டிமீட்டர் குழலில், அதாவது 24 அங்குலத்தில், 175 கிரெய்ன், அதாவது சுமார் 11 கிராம் எடையுள்ள 308 குண்டு விநாடிக்கு 790 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொள்வோம். குழலை 51 சென்டிமீட்டராக வெட்டினால் வேகம் ஏறத்தாழ 27 மீட்டர் குறைந்து 763 ஆகிறது. இந்த இழப்பைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. இந்தக் குண்டு பறக்கத் தொடங்கும்போது காற்றுத்தடையால் ஒவ்வொரு மீட்டருக்கும் விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் வேகத்தை இழக்கிறது. அப்படியானால் நீண்ட குழலிலிருந்து கிளம்பிய குண்டும் ஏறத்தாழ 50 மீட்டர் பறந்ததும் 763-க்கு இறங்கிவிடும். அங்கிருந்து அதற்கும் குட்டைக் குழலின் குண்டுக்கும் வேகத்தில் வேறுபாடில்லை. வேகத்தைப் பொறுத்தமட்டில், நான்கு அங்குலத்தை வெட்டுவது என்பது சுடுபவர் ஐம்பது மீட்டர் பின்னால் தள்ளிப் படுத்துக்கொள்வதற்குச் சமம்.

அமெரிக்கப் படையின் எண்களும் இதையொட்டியே அமைந்திருக்கின்றன. எம்-16ஏ2 துப்பாக்கியின் குழல் 508 மில்லிமீட்டர், வேகம் 948 மீட்டர். எம்-4 கார்பைனின் குழல் 368 மில்லிமீட்டர், வேகம் சுமார் 905 மீட்டர். தனி ஆளைக் குறிவைப்பதற்கு அந்தப் படை சொல்லும் பயன்தொலைவு முதலாவதற்கு 550 மீட்டர், இரண்டாவதற்கு 500. இத்தகைய அளவுகளைப் பல காரணங்களை எடைபோட்டு, முழு எண்ணாகத் திருத்தித்தான் சொல்வார்கள். ஆனாலும் அந்தச் சிறிய, இலேசான குண்டுக்கு மேற்சொன்ன கணக்கைப் போட்டால் விடை ஐம்பது மீட்டரை ஒட்டியே வருகிறது.

இனி 800 மீட்டர் தொலைவில் ஓர் இலக்கை வைப்போம். நீண்ட குழலின் குண்டு அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 1.42 விநாடி ஆகும். குட்டைக் குழலின் குண்டுக்கு 1.48 விநாடி. இந்தச் சிறு தாமதத்தில் குட்டைக் குழலின் குண்டு முக்கால் மீட்டரை ஒட்டிக் கூடுதலாகத் தாழ்கிறது. முக்கால் மீட்டர் என்றதும் பெரிதாகத் தோன்றும். ஆனால் புவியீர்ப்பு ஏமாற்றாது. இன்று இழுப்பது போலவே நாளையும் இழுக்கும். தொலைவும் வேகமும் தெரிந்தால் தாழ்வைக் கணித்துத் துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியின் திருகை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். நீண்ட குழலுக்கு இத்தனை திருப்பு, குட்டைக் குழலுக்கு இன்னும் சில திருப்பு, அவ்வளவே.

காற்றுதான் அப்படி அடங்காதது. பக்கவாட்டுக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஓர் அழகான விதி உண்டு. வெற்றிடத்தில் அந்தத் தொலைவைக் கடக்க ஆகும் நேரத்தை, உண்மையில் ஆகும் நேரத்திலிருந்து கழித்து, மீதியைக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். குண்டு பறக்கும் மொத்த நேரம் இதில் நேராகக் கணக்குக்கு வருவதில்லை, காற்றுத்தடையால் விளைந்த தாமதம் மட்டுமே வருகிறது. நம் எடுத்துக்காட்டில் அந்தத் தாமதம் நீண்ட குழலுக்கு ஏறத்தாழ 0.41 விநாடி, குட்டைக் குழலுக்கு 0.43 விநாடி. விநாடிக்கு 4 மீட்டர் வீசும் குறுக்குக் காற்றில் ஒன்று 1.63 மீட்டர் விலகும், மற்றது 1.72 மீட்டர். வேறுபாடு ஒரு சாண்கூட இல்லை. இதோடு வேறொன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றின் வேகத்தைக் கண்ணால் கணிப்பவர் 4 மீட்டரை 3 என்று நினைத்துவிட்டால் எந்தக் குழலில் சுட்டாலும் 40 சென்டிமீட்டர் தவறிப்போகிறது. புல் சாய்வதையும் கானல் அலை ஓடும் திசையையும் பார்த்துக் காற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரத்தை நான்கு அங்குல இரும்பால் நிரப்ப முடியாது.

குழல் நீளம் உண்மையிலேயே முடிவைத் தீர்மானிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது ஒலிவேகத்தின் எல்லை. குண்டு ஒலியைவிட வேகமாகப் பறக்கும் வரை அதன் போக்கு ஒழுங்காக இருக்கும். ஒலிவேகத்தை நெருங்கி இறங்கும்போது, அதன் மேல் படியும் அதிர்வலைகள் இடம் மாறி, அழுத்த மையம் பெயர்ந்து, சில வகைக் குண்டுகள் தள்ளாடத் தொடங்கும். அதன் பிறகு திருகுக் கணக்கை நம்ப முடியாது. கடல்மட்டக் காற்றில் நம் 61 சென்டிமீட்டர் குழலின் குண்டு ஏறத்தாழ 1,000 மீட்டரில் ஒலிவேகத்துக்கு இறங்குகிறது. 51 சென்டிமீட்டர் குழலின் குண்டு 950 மீட்டரை ஒட்டி. 600 மீட்டரில் சுடுபவருக்கு இந்த இரண்டு எண்களும் பொருளற்றவை. 1,000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில் சுடுபவருக்கோ, இரண்டாவது எண் தலைக்கு மேல் தொங்கும் கத்தி. பால்மா என்னும் பன்னாட்டுப் போட்டி 800, 900, 1,000 கெஜங்களில் நடக்கிறது. தொலைநோக்கியின்றி இரும்புக் குறிகாட்டியோடு, 308 தோட்டாவில் 155 கிரெய்ன் குண்டைச் சுட வேண்டும். அந்தப் போட்டியாளர்கள் 30 அங்குலமும் அதற்கு மேலும் நீண்ட குழல்களைச் சுமப்பது பகட்டுக்காக அல்ல. கடைசிக் கெஜத்திலும் குண்டு ஒலியை முந்திக்கொண்டு இருக்க வேண்டும்.

இதிலும் இடம் பொருள் ஏவல் உண்டு. லே நகரத்தின் உயரமான 3,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு மட்டுமே. காற்றுத்தடையும் அதே அளவில் குறைவதால், இங்கே 1,000 மீட்டரில் ஒலிவேகத்துக்கு இறங்கும் குண்டு அங்கே 1,400 மீட்டரை ஒட்டித்தான் இறங்கும். சென்னைக் கடற்கரையில் நீண்ட குழல் சேர்த்துத்தரும் ஐம்பது மீட்டரை மலை நானூறாகத் தருகிறது.

துல்லியத்துக்கு வருவோம். முன்முனை எதையும் தொடாமல் நிற்கும் குழலைப் பொறியியலில் ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட தண்டாகக் கருதலாம். அத்தகைய தண்டின் விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் தடிமனின் நான்மடிக்கு நேர்விகிதத்திலும் மாறும். அறுபது சென்டிமீட்டர் குழலை ஐம்பதாகக் குறைத்தால், தடிமனைத் தொடாமலே விறைப்பு 1.7 மடங்காகிறது. சுடும்போது குழல் சாட்டையைப் போல அதிர்கிறது. குண்டு வெளியேறும் கணத்தில் குழல்வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒவ்வொரு முறையும் சிறிது மாறலாம். விறைப்பான குழலில் அந்த மாற்றம் சிறிது. ஆகவே எடை ஒன்றாக இருந்தால், குட்டையும் தடிப்புமான குழல் நீண்டும் மெலிந்தும் உள்ள குழலைவிடக் குண்டுகளை நெருக்கமாகக் கொட்டுவதே பெரும்பாலும் நடக்கும். துப்பாக்கியின் துல்லியம் துளையின் சீர்மையிலும் தோட்டாவின் ஒழுங்கிலும் இருக்கிறது.

அப்படியானால் நீளமே துல்லியம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இரும்புக் குறிகாட்டிகளிலிருந்து. பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முள், இரண்டையும் இலக்கோடு ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடினால், முள் அரை மில்லிமீட்டர் விலகினாலும் இலக்கில் ஏற்படும் பிழை குறையும். குழல் நீண்டால் அந்தத் தூரம் தானாக நீள்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் துப்பாக்கிப் போட்டியில் பயன்படுவது நாம் முன்பு பார்த்த .22 தோட்டாவே. இந்த வகைப் போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் குண்டைச் சுழலவைக்கும் புரிகள் வெட்டிய உண்மையான குழல் ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் அகன்ற வெற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியில் முன்குறிகாட்டியை வைத்திருப்பார்கள். குண்டு அந்தக் குழாயின் சுவரைத் தொடாமலே போய்விடும். கண்ணுக்கு நீளம் வேண்டும், குண்டுக்கு வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தொலைநோக்கி வந்த பிறகு கண்ணுக்கும் அந்தத் தேவை இல்லாமல் போனது.

பழைய துப்பாக்கிகள் நீண்டிருந்ததற்குத் துப்பாக்கி சுடுதலோடு தொடர்பில்லாத காரணமும் உண்டு. முனையில் கத்தியைச் செருகினால் துப்பாக்கி ஈட்டியாகிவிடும். குதிரைமேல் வருபவனை எட்ட ஈட்டி நீளமாக இருக்க வேண்டும். லீ-என்ஃபீல்டைக் குட்டையாக்கிய பிரிட்டிஷார், அந்த இழப்பை ஈடுகட்ட 1907-இல் கத்தியை 17 அங்குலமாக நீட்டினார்கள் என்பதைப் பார்த்தால், குழல் நீளத்தில் எவ்வளவு பங்கு இதற்காக இருந்தது என்பது புரியும். இன்றைய அமெரிக்கச் சந்தையில் 16 அங்குலக் குழல் மலிந்து கிடப்பதற்கும் இயற்பியல் காரணமன்று. அதைவிடக் குட்டையான ரைஃபிளுக்குத் தனிப் பதிவு வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சத்தத்தை அடக்கும் கருவியை முனையில் பொருத்துவோர் அது சேர்க்கும் நீளத்தை முன்கூட்டியே கழித்து 18, 20 அங்குலக் குழலைத் தேர்வதும் இப்போது பெருகியிருக்கிறது.

நீளத்தை நீட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். 1918 மார்ச்சில் ஜெர்மனி சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பாரிஸ் நகரைச் சுட்ட பீரங்கியின் குழல் 34 மீட்டர். குண்டின் வேகம் விநாடிக்கு 1,600 மீட்டருக்கு மேல். குழல் தன் எடையாலேயே வளைந்துவிடாதிருக்க, பாலத்துக்குக் கட்டுவது போல அதன் மேல் இரும்புச் சட்டகம் கட்டி இழுத்துப் பிடித்தார்கள். ஒவ்வொரு குண்டும் குழலின் உட்சுவரை அரித்துக்கொண்டு போனதால், அடுத்தடுத்த குண்டுகளைச் சற்றுச் சற்றுப் பருமனாகச் செய்து, வரிசை எண் போட்டு, அந்த வரிசை பிசகாமல் சுட வேண்டியிருந்தது.

ஐந்து அங்குலத்துக்காகச் சண்டையிட்ட பிரிட்டிஷ் வல்லுநர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அவர்களுடைய குறைகூறலின் விளைவாக 1913-இல் .276 அளவில், மிகுந்த வேகம் தரும் தோட்டாவோடு புதிய துப்பாக்கி ஒன்று சோதனைக்கு வந்தது. நெருப்புக் கொழுந்தும் குழல் தேய்மானமும் அளவுக்கு மிஞ்சின. அதற்குள் முதல் உலகப் போர் மூண்டதால், அதே வடிவமைப்பைப் பழைய .303 தோட்டாவுக்கு மாற்றி அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்வித்தார்கள். பி-14 என்ற அந்தத் துப்பாக்கி குட்டை லீ-என்ஃபீல்டைவிடத் துல்லியமானது என்று பெயரெடுத்து, மறைந்திருந்து சுடுவோரின் கைக்குப் போனது. அதன் குழல் 26 அங்குலம். பழித்த துப்பாக்கியைவிட முக்கால் அங்குலமே கூடுதல். வேறுபட்டவை வேறு இரண்டு: குழலின் தடிமனும், கண்ணுக்கு அருகே கொண்டுவந்து வைத்த துளைக் குறிகாட்டியும். பின்னர் லீ-என்ஃபீல்டைத் திருத்தி 'நம்பர் 4' என்ற வடிவத்தைக் கொண்டுவந்தபோது அந்த இரண்டையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். குழலின் நீளத்தை 25.2 அங்குலமாகவே விட்டுவிட்டார்கள்.